உப்புக்காற்றில் ஓடும் லாரிக்கு எந்த இன்ஜின்?

பாம்பனிலும் மண்டபத்திலும் மீன் ஏற்றிக் கேரளத்துக்கு அனுப்பும் தொழிலில் எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக இருந்து வருகிறது. அப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு லாரி. நான் இப்போது மூன்று லாரிகளை ஓட்டுகிறேன். மூன்றும் இரண்டு அச்சுள்ள பெரிய வண்டிகள். 2018 ஜூலையில் அச்சு எடை வரம்பு உயர்த்தப்படும் வரை இந்த ரகத்துக்கு மொத்த எடை 16.2 டன்தான் அனுமதி, இப்போது 18.5 டன்.

செங்கல் ஏற்றிய லாரி வழியில் நின்றுவிட்டால் மறுநாள் இறக்கிக்கொள்ளலாம். மத்தி ஏற்றிய லாரி நின்றால் அப்படி விட முடியாது. ஐஸ் உருகத் தொடங்கிய நேரத்திலிருந்து சரக்கின் விலையும் இறங்கத் தொடங்கிவிடும். விடியற்காலை ஏலத்துக்குப் போய்ச் சேராத லோடைப் பாதி விலைக்குக் கேட்கவும் ஆள் இருக்காது. அதனால்தான் புது லாரி வாங்க நினைக்கும் கடற்கரை ஊர்க்காரர்கள் என்னிடம் வந்து, "எந்த வண்டி நல்ல மைலேஜ் தரும்?" என்று கேட்கும்போது, எந்த இன்ஜின் வழியில் நிற்காது என்பதை முதலில் பாருங்கள் என்று சொல்லிவருகிறேன். அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் எனக்குச் செலவான பணமும் உறக்கமும் கொஞ்சமல்ல.

2021இல் நான் வாங்கிய லாரி, நான்கு லிட்டருக்கும் குறைந்த கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் இன்ஜின் பொருத்திய பி.எஸ். 6 வண்டி, அதாவது பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்தது. குதிரைத்திறன், மைலேஜ், மாதத் தவணை ஆகிய மூன்றையும் பார்த்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நடந்த பழுதில் பாதி எங்கள் கைப்பழக்கத்தால் வந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. மீதிப் பாதி எந்த நிறுவனத்தின் வண்டியிலும் வந்திருக்கக்கூடியது.

வாங்கிய பதினான்காவது மாதத்தில் ஒரு நாள், இரவு ஒரு மணிக்கு டிரைவர் கூப்பிட்டார். வண்டி செங்கோட்டையைத் தாண்டிவிட்டது, ஏழு டன் சரக்கு உள்ளே இருந்தது.

"அண்ணே, புளியரை ஏத்தத்துல வண்டி இழுக்கவே மாட்டேங்குது. மஞ்ச லைட்டு எரியுது. ரெண்டாங் கியரத் தாண்ட முடியல."

"புகை வருதா?"

"புகையே இல்லண்ணே. சத்தமும் சரியாத்தான் இருக்கு. ஆனா வேகம் எடுக்கல."

இன்ஜினில் ஒரு குறையும் இல்லாமலே லாரி நின்ற கதை இது. பி.எஸ். 6 விதிப்படி, புகையைச் சுத்திகரிக்கும் அமைப்பில் கோளாறு இருப்பதாகக் கணினி முடிவு செய்தால், முதலில் எச்சரிக்கும், பிறகு இழுவிசையைக் குறைக்கும், அப்படியும் சரிசெய்யாமல் ஓட்டினால் வண்டி ஊர்ந்து செல்லும் வேகத்துக்கு இறங்கிவிடும். சமதரையில் அதைச் சமாளித்து அடுத்த ஊர் வரை போய்விடலாம். ஆரியங்காவு ஏற்றத்தில், எஸ் வளைவுக்குக் கீழே, முழு லோடோடு அது இயலாது. செங்கோட்டையிலிருந்து வேறு லாரி பிடித்து, நடுரோட்டில் பெட்டி பெட்டியாக மாற்றி ஏற்றி அனுப்பினோம். ஏலத்துக்கு நான்கு மணி நேரம் தாமதமாகப் போனது.

மறுநாள் மெக்கானிக் வண்டிக்குக் கீழே படுத்து, புகையைச் சுத்திகரிக்கத் தெளிக்கும் யூரியா கரைசலை இழுத்துத் தரும் பம்பின் ஒயர் கனெக்டரைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் அளவுகூட இல்லாத கறுப்பு பிளாஸ்டிக் துண்டு. ரப்பர் சீலின் ஒரு ஓரம் மடங்கியிருந்தது. அந்த வழியாக மீன் தண்ணீர் கசிந்து உள்ளே போயிருந்தது. நான்கு பின்களில் இரண்டு, பழைய செப்புப் பாத்திரத்தில் பூக்கும் களிம்பைப் போலப் பச்சையாகப் பொடிந்து கிடந்தன. விரலால் தொட்டதும் ஒரு பின் உதிர்ந்தது. அதன் பிறகு சைலன்சர் பக்கம் போய், கரைசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றினார். அதன் வாயில் கற்கண்டு மாதிரி வெள்ளையாகக் கட்டி பிடித்திருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே, "வண்டிய நிப்பாட்டுன உடனே பேட்டரி சுவிட்ச அமத்திருவீங்களா தம்பி?" என்று கேட்டார்.

ஆமாம், அமர்த்திவிடுவோம். அப்பா காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. கடற்கரையில் நிறுத்தும் வண்டியில் பேட்டரி இறங்கிவிடும் என்று, சாவியைத் திருப்பியதும் மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுவோம். ஆனால் பி.எஸ். 6 வண்டியில் சாவியை அணைத்த பிறகும் அந்தப் பம்ப் ஓரிரு நிமிடம் ஓடி, குழாயில் தங்கிய கரைசலைத் தொட்டிக்கே திரும்ப இழுத்துக்கொள்ளும். அதற்குள் மின்சாரத்தைத் துண்டித்தால் கரைசல் குழாயிலேயே தங்கி, தண்ணீர் வற்றி, யூரியா கட்டிப்பட்டு நாசிலை அடைத்துவிடும். பதினான்கு மாதமும் தினமும் இதைச் செய்து அந்த நாசிலை அடைத்தவர்கள் நாங்கள்தான். வண்டி டெலிவரி எடுக்கும்போது இதை ஒருவர் எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் கையேட்டில் அது எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை என்பதும் உண்மை.

இந்த இடத்தில், எதற்காக இந்தக் கருவிகளெல்லாம் என்ற கேள்வி வரும். 2017இல் நாடு முழுவதும் வந்த பி.எஸ். 4 விதியில், கனரக இன்ஜின் ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு 3.5 கிராம் வரை நைட்ரஜன் ஆக்சைடு வெளியிடலாம். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 அதை 0.4 கிராமாக்கிவிட்டது. டீசலில் இருக்கும் கந்தகமும் 50 பி.பி.எம்.மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 பி.பி.எம்.முக்கு இறங்கியது. இவ்வளவு குறைப்பை இன்ஜினுக்குள் மட்டும் சாதிக்க முடியாது என்பதால், புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி, 32.5 சதவீத யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடை மாற்றும் எஸ்.சி.ஆர்., அவற்றைக் கண்காணிக்கும் சென்சார்கள் என்று வண்டியின் அடிச்சட்டமான சேஸ் முழுவதும் கருவிகள் ஏறிவிட்டன. எந்த நிறுவனத்தின் பெரிய லாரியை வாங்கினாலும் இந்தக் கருவிகள் ஏதாவது ஒரு வடிவில் கூடவே வரும். ஆகவே, "அந்தக் கம்பெனி வண்டியில் யூரியா தொல்லை, இதை வாங்கு" என்ற பேச்சை நான் இப்போது பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்குப் பதிலாக, ஷோரூமில் வண்டிக்குக் கீழே குனிந்து, யூரியா தொட்டியும் பம்பும் கனெக்டர்களும் சேஸில் எந்த இடத்தில் இருக்கின்றன என்று பார்க்கிறேன். மீன் பாடியின் வடிகுழாய் எந்தப் பக்கம் இறங்கும், அந்தத் தண்ணீர் காற்றில் சிதறி எங்கே படும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்கிறேன். பாடி கட்டும்போதே வடிகுழாயைப் பின் சக்கரத்துக்கு அப்பால் இழுத்துவிடச் சொல்வது பெரிய செலவில்லை. முதல் வண்டியில் அது பம்புக்கு நேர் மேலே இருந்தது.

பழைய இன்ஜின்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை என்று சொல்பவர்கள் எங்கள் ஊரில் நிறைய. அப்பாவின் லாரி ஆறு சிலிண்டர், மெக்கானிக்கல் பம்ப். கணினி கிடையாது, சென்சார் கிடையாது, கம்பியும் ஸ்பேனரும் இருந்தால் பரமக்குடிக்கும் மானாமதுரைக்கும் நடுவில் புளிய மரத்தடியில் நிறுத்திச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிடலாம். அந்த இன்ஜினை நான் நேசித்தேன். ஆனால் அதுவும் நின்றது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

இன்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்து, டீக்கடைப் பாலாடை மாதிரி மூடியின் அடியில் படிந்திருந்ததைப் பார்த்துத்தான் அதைப் பிரித்தோம். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் இரும்புக் குழாய்தான் லைனர். வெளியே எடுத்த லைனரில், பிஸ்டன் ஓடும் உட்புறம் கண்ணாடிபோல் இருந்தது. தண்ணீர் சுற்றும் வெளிப்புறத்தில் மட்டும், ஒரு பக்கமாக, மேலிருந்து கீழே கோடு போட்டது போல ஊசித் துளைகள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இரண்டு துளைகளில் ஒளி உள்ளே தெரிந்தது. பிஸ்டன் அடிக்கும்போது லைனர் நுண்ணியதாக அதிர்கிறது; அந்த அதிர்வில் தண்ணீரில் குமிழிகள் உண்டாகி உடைகின்றன; ஒவ்வொரு குமிழியும் உடையும்போது இரும்பைக் கொஞ்சம் கொத்திவிடுகிறது. இன்ஜினைக் குளிர்விக்க ஊற்றும் கூலண்ட்டில் சேர்க்கப்பட்ட மருந்து இரும்பின் மேல் ஒரு படலம் கட்டி அதைத் தடுக்கிறது. நாங்களோ கூலண்ட் ஊற்றியதே இல்லை. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினோம். எங்கள் கடற்கரைக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தால் தெரியும், அதில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று. பெயர்போன அந்த இன்ஜின், நாங்கள் வாளியில் மொண்டு ஊற்றிய தண்ணீரால் ஓட்டை விழுந்து போனது.

அதற்குப் பிறகு வாங்கும் ஒவ்வொரு வண்டிக்கும் லைனர் எந்த வகை என்று கேட்கிறேன். தண்ணீர் நேராகத் தொடும் ஈர லைனர் என்றால், தேய்ந்துபோகும்போது கழற்றிப் புதியதை இறக்கிக்கொள்ளலாம், நல்ல பட்டறையில் இரண்டு மூன்று நாளில் வேலை முடியும். பிளாக்கிலேயே துளை கடைந்த இன்ஜின் என்றால் துளையை மறுபடி கடைந்து போர் எடுக்க மதுரைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். என் விருப்பம் ஈர லைனர்தான். ஆனால் அதை வாங்குபவர் கூலண்ட் விஷயத்தில் ஒருநாளும் சமரசம் செய்யக்கூடாது. என் மூன்று வண்டிகளிலும் தயார் நிலையில் கலந்த கூலண்ட் பத்து லிட்டர் கேன் ஒன்று எப்போதும் இருக்கிறது; தண்ணீர் குறைந்தால் அதைத்தான் ஊற்ற வேண்டும், பெட்ரோல் பங்க் குழாயைத் தேடக்கூடாது என்பது டிரைவர்களுக்கு நான் வைத்த முதல் கட்டளை.

2023இல் இரண்டாவது வண்டிக்குப் போனபோது கொள்ளளவைப் பற்றி நிறைய யோசித்தேன். ஒரே நிறுவனமே சின்ன இன்ஜினும் பெரிய இன்ஜினும் விற்கிறது. அசோக் லேலண்டின் எச் வரிசையில் 3.8 லிட்டர் நான்கு சிலிண்டரும் உண்டு, 5.7 லிட்டர் ஆறு சிலிண்டரும் உண்டு. டாடா வண்டிகளில் கம்மின்ஸின் 5.6 லிட்டரும் 6.7 லிட்டரும் வருகின்றன. பாரத்பென்ஸில் 3.9 லிட்டரும் 7.2 லிட்டரும் எடை ரகத்துக்கு ஏற்றபடி பொருத்தப்படுகின்றன. ஆகவே, "எந்தக் கம்பெனி?" என்று கேட்பதைவிட, "அந்தக் கம்பெனியின் எந்த இன்ஜின், எந்த எடைக்கு?" என்று கேட்பதுதான் பயன் தரும். சமதரையில் மதுரை வரை போய்த் திரும்பும் வண்டிக்குச் சின்ன இன்ஜின் போதும், டீசலும் மிச்சமாகும். மலை ஏறி இறங்கும் வண்டிக்கு நிலைமை வேறு. முழு லோடில் ஏற்றத்தில் இருக்கும் நேரம் முழுவதும் சின்ன இன்ஜின் தன் எல்லையிலேயே வேலை செய்கிறது; டர்போவும் ஹெட் கேஸ்கெட்டும் அந்த நேரம் முழுவதும் உச்ச வெப்பத்தில் இருக்கின்றன. பெரிய இன்ஜின் அதே வேலையை மூச்சு வாங்காமல் செய்கிறது. இங்கே குதிரைத்திறன் எண்ணைவிட, உச்ச இழுவிசை எத்தனை ஆர்.பி.எம்.மில் தொடங்கி எதுவரை நிற்கிறது என்பதே முக்கியம். 1,200க்கு அருகிலேயே தொடங்கினால் டிரைவர் கியரை அடிக்கடி இறக்க வேண்டியதில்லை. நான் ஆறு சிலிண்டரை எடுத்தேன். மாதத்துக்கு டீசல் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகிறது, அதை நான் ஏற்றுக்கொண்டேன்.

விற்பனையாளர் சொல்லும் "எட்டு லட்சம் கிலோமீட்டர்" போன்ற எண்ணைப் பற்றி ஒரு சொல். அது பெரும்பாலும் பி10 ஆயுள். நூறு இன்ஜின்களில் பத்து அந்தத் தூரத்துக்கு முன்பே பெரிய வேலை கேட்கும் என்பது அதன் பொருள். நம் வண்டி அந்தப் பத்தில் ஒன்றாகவும் இருக்கலாம்.

முடிவை உறுதிசெய்தது இன்ஜினின் அளவுகூட இல்லை. பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, நான் பரிசீலித்த இரண்டு நிறுவனங்களின் ஸ்பேர் கவுன்ட்டர்களுக்கும் நேரில் போனேன். வாடிக்கையாளன் போலவே நின்று, நைட்ரஜன் ஆக்சைடு சென்சார், யூரியா நாசில், டீசல் இன்ஜெக்டர் ஆகிய மூன்றையும் கேட்டேன். ஓரிடத்தில் மூன்றும் அலமாரியில் இருந்தன. மற்ற இடத்தில், "மதுரையில் சொல்லி வரவழைக்கிறோம், இரண்டு நாளாகும்" என்றார்கள். ராமநாதபுரத்திலிருந்து மதுரை 115 கிலோமீட்டர்தான், ஆனால் லோடு நிற்கும்போது இரண்டு நாள் என்பது எனக்குக் கட்டுப்படியாகாது. அந்த வண்டியின் கணினியில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ராமநாதபுரத்தில் யார், செங்கோட்டைப் பக்கம் யார், இரவில் போன் எடுப்பாரா என்பதையும் விசாரித்துக்கொண்டேன். வாங்கப்போகிறவர்கள் இந்த ஒரு நாளைத் தயவுசெய்து செலவழியுங்கள்.

டீசலைப் பற்றியும் எழுதியே ஆக வேண்டும். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் இன்ஜினில் டீசல் 1,600 பாருக்கும் மேலான அழுத்தத்தில் பாய்கிறது. பழைய நாசில் சில நூறு பாரில் திறந்ததோடு ஒப்பிட்டால் இதன் நுணுக்கம் புரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் இன்ஜெக்டர் முனை கெடும். படகுக்கென்று வரிவிலக்கில் வழங்கப்படும் டீசலைக் கேனில் பிடித்து லாரியில் ஊற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். கடலில் அலைந்து திரும்பிய கேனில் உப்புத் தண்ணீர் இல்லாமல் இருக்காது என்பது இன்னொருபுறம். டீசலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரைத் தினமும் காலையில் திறந்து ஒரு டம்ளர் பிடித்துப் பார்ப்பது எங்கள் வண்டிகளில் வழக்கம்.

புகைக்கரி வடிகட்டி தனக்குள் சேர்ந்த கரியை எரிக்க 550 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும், அந்த வெப்பம் நெடுஞ்சாலை ஓட்டத்தில்தான் எளிதில் கிடைக்கும். மண்டபத்துக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே ஐஸ் ஏற்றி நடை அடிப்பது, இறங்குதளத்தில் ஏலம் முடியும் வரை இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருப்பது ஆகிய இரண்டும் வடிகட்டியை வேகமாக அடைத்துவிடும். ஐஸ் நடைக்கு இப்போது சிறிய வண்டி வைத்திருக்கிறேன். நிறுத்திவைத்தே கரியை எரிக்கும்படி பெரிய வண்டி கேட்டால், சருகும் பனையோலையும் கிடக்கும் இடத்தில் அதைச் செய்ய விடாதீர்கள், சைலன்சர் அவ்வளவு சூடாகும்.

பழைய வண்டி வாங்க நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக: இன்ஜின் குளிர்ந்திருக்கும் விடிகாலையில் போய்ப் பாருங்கள், முன்பே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். ஆயில் மூடியைத் திறந்து ஆவி எவ்வளவு வருகிறது என்று கவனியுங்கள். ஸ்கேனரை மாட்டிப் பழைய கோளாறுப் பதிவுகளையும், இன்ஜின் ஓடிய மொத்த மணியில் சும்மா நின்று ஓடிய மணி எத்தனை என்பதையும் படியுங்கள். என் மூன்றாவது வண்டியை அப்படித்தான் வாங்கினேன். கிலோமீட்டர் குறைவாகக் காட்டிய இன்னொரு வண்டியை, சும்மா நின்று ஓடிய மணி மிக அதிகமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

எங்கள் கடற்கரைக்கே உரிய ஒரு சிக்கல் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, நாட்டுப்படகு மீன் எல்லா லாரிக்கும் போதாது. வண்டிகள் வெயிலில் நிற்கும். யூரியாக் கரைசல் 25 டிகிரிக்குள் வைத்தால் ஒன்றரை ஆண்டு தாங்கும், 35 டிகிரியில் ஆறு மாதம்தான், எங்கள் ஊர் மே மாதத்தில் அதற்கும் குறைவு. ஆகையால் மார்ச் முதலே தேவைக்கு மட்டும் சின்னக் கேனாக வாங்குகிறேன். விலை குறைவு என்று உர யூரியாவைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து விற்பதை வாங்கிய நண்பர் ஒருவருக்கு எஸ்.சி.ஆர். முழுவதையும் மாற்ற வேண்டி வந்தது.

தடைக்காலம் முடிவதற்கு ஒரு வாரம் முன்பு ஒவ்வொரு வண்டியையும் வெளியே எடுத்து, சேஸை நல்ல தண்ணீரில் கழுவி, கனெக்டர்களை ஒன்றொன்றாகக் கழற்றி, காற்றடித்து, சீலின் ஓரம் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, மின்முனைக் கிரீஸ் தடவி மாட்டுகிறோம். பிறகு லோடு இல்லாமல் பரமக்குடி வரை ஒரு நடை போய்த் திரும்பி வருகிறோம். திரும்பிவந்து சாவியைத் திருப்பிய பிறகு டிரைவர் உடனே இறங்குவதில்லை. பம்ப் ஓய்ந்து சத்தம் அடங்கும் வரை உட்கார்ந்திருந்து, அதன் பிறகே மெயின் சுவிட்சை அணைக்கிறார். ஜூன் 15 அன்று படகுகள் கடலுக்குப் போகும். அவை மறுநாள் கரை திரும்புவதற்குள் மூன்று வண்டிகளும் ஐஸ் கம்பெனி வாசலில் வரிசையில் நிற்க வேண்டும்.